வாசிப்பைக் கேட்கும் காது



எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தைக்குப் புத்தகம் மட்டும் போதாது. பக்கத்தில் இருந்து கேட்டு, தடுமாறும் இடத்தில் சொல்லித்தர ஒருவர் வேண்டும். நம் மக்களின் கல்வி வரலாற்றைப் பள்ளி வாசலைத் திறக்க நடந்த போராட்டமாகவே பேசி வருகிறோம். உள்ளே போன பிள்ளையின் குரலை யார் கேட்டார்கள் என்பதும் அந்த வரலாற்றின் பகுதிதான்.

1894இல் கர்னல் ஆல்காட் சென்னையில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அப்பள்ளிகளில் கற்பிக்கும் முறை பற்றி 1906இல் தனி நூலே வெளிவந்தது. நம் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிப்பது என்று யோசித்தவர்கள் அன்றே இருந்தார்கள். 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் நமக்காக வாதாடியது ஆங்கிலத்தில். அந்த மொழியை நாம் கேட்பது மோகத்தால் அல்ல.

இனி நம் ஊருக்கு வருவோம். 2018இல் அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் தலித் பெண் ஒருவர் சத்துணவு சமைப்பதை ஆதிக்கச் சாதியினர் எதிர்த்தார்கள். அவரை இடமாற்றம் செய்தார்கள்; போராட்டத்துக்குப் பிறகே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. சோற்றில் தீட்டுப் பார்க்கும் சமூகம், அந்த வளவுப் பிள்ளையின் திக்கலைப் பொறுமையாகக் கேட்கும் என்று எப்படி நம்புவது? கொங்கு அருந்ததியர் வீடுகள் பலவற்றில் பேச்சு தெலுங்கு. பள்ளியில் தமிழ், அதற்குமேல் ஆங்கிலம். மூன்று மொழிகளுக்கு நடுவே நிற்கும் பிள்ளையை ‘மக்கு’ என்று ஒதுக்குவது எளிது.

அவிநாசித் தலக்கதையில் முதலை விழுங்கிய பாலகன், இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு திரும்பி வந்தான். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் தொடக்க வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1இல்தான் திறந்தன. திரும்பி வந்த நம் பிள்ளைகளுக்கு வயது வளர்ந்திருந்தது, வாசிப்பு தேய்ந்திருந்தது. இதை ஈடுகட்டவே இல்லம் தேடிக் கல்வி வந்தது. 2022 ஜூனில் அத்திட்டம் கூகுளின் ‘ரீட் அலாங்’ செயலியைக் கொண்டு 12 நாள் வாசிப்பு மாரத்தான் நடத்தியது. குழந்தை உரக்கப் படித்தால் செயலி கேட்கும். தெரியாத சொல்லைத் தொட்டால் ஒலித்துக் காட்டும். தமிழும் உண்டு, ஆங்கிலமும் உண்டு. கதைகளை இறக்கி வைத்துக்கொண்டால் இணையமும் தேவையில்லை.

இந்தக் காதுக்குச் சாதி தெரியாது; சலிப்பும் இல்லை. பத்து முறை தவறினாலும் ஏளனம் செய்யாது. இதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், அந்தப் போன் யாருடையது? பனியன் கம்பெனிக்குப் போன அம்மாவோடு காலையில் போய், பிள்ளை தூங்கிய பிறகு வீடு திரும்புகிற போன் அது. தான் கேட்டுப் பழகிய உச்சரிப்பையே இயந்திரம் எளிதில் அறியும். தெலுங்கு கலந்த நம் பிள்ளையின் நாக்கு அந்தப் பழக்கத்தில் சேர்ந்திருக்கிறதா? மாதம் 1,000 ரூபாய்க்கு மாலைதோறும் பிள்ளைகளோடு உட்கார்ந்த தன்னார்வலப் பெண்கள் இல்லாமல் அந்த மாரத்தான் நடந்திருக்குமா?

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று. ஒவ்வொரு வளவிலும் பொதுவில் வைத்த கைக்கணினிகள் வேண்டும். நம் பிள்ளைகளின் குரலில் சோதித்த பிறகே எந்த மென்பொருளையும் அரசு ஏற்க வேண்டும். அருகில் உட்காரும் மனிதருக்கு முறையான ஊதியம் வேண்டும். செயலியைக் காட்டி ஆசிரியர் பணியிடத்தைக் குறைப்பதை நாம் ஏற்க முடியாது. இயந்திரம் கேட்கட்டும்; அதனால் பள்ளி கேட்காமல் இருந்துவிடக் கூடாது.