பஞ்சப்படி இல்லாத ஓய்வூதியம்: 1995ஆம் ஆண்டுத் திட்டமும் ரேஷன் கடையும்

தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் 1995 குறித்த விவாதம் பெரும்பாலும் ஒரே தொகையைச் சுற்றியே நடக்கிறது. 2014 செப்டம்பரில் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய் என்றானது. அதை 3,000 ஆக்கலாம் என பகத்சிங் கோஷ்யாரி தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு 2013இலேயே பரிந்துரைத்திருந்தது. ஓய்வூதியர் அமைப்புகள் 7,500 கேட்கின்றன. கோரிக்கை நியாயமானதே. ஆயினும் எந்தத் தொகையை நிர்ணயித்தாலும் சில ஆண்டுகளில் அது தேய்ந்துவிடும். விலைவாசியோடு இத்திட்டத்துக்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை. தமிழ்நாட்டில் அந்த ஓட்டையை அடைத்துவருவது ரேஷன் கடை என்பதே என் வாதம்.

கணக்கு எளிது: ஓய்வூதியத்துக்குரிய சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். வில்லங்கம் சம்பள உச்சவரம்பில் இருக்கிறது. 2001இல் 6,500 ஆன வரம்பு 2014 செப்டம்பரில்தான் 15,000 ஆனது. கோவை நூற்பாலைத் தொழிலாளி ஒருவர் 18 ஆண்டுப் பணியுடன் 2014 ஆகஸ்டில், 58 வயதில் ஓய்வுபெற்றதாகக் கொள்வோம். அவர் 11,000 சம்பளம் வாங்கியிருந்தாலும், உயர் ஊதியத்துக்கு விருப்பம் தெரிவிக்காதவரை, கணக்கில் ஏறுவது 6,500தான். கிடைப்பது 1,671 ரூபாய். ஆயுள் முழுவதும் அதே 1,671. அவர் காலமானால் மனைவிக்குப் பாதி. அது குறைந்தபட்சத்துக்குக் கீழே போவதால் 1,000. வீட்டு வாடகை பாதியாவதில்லை.

மத்திய அரசு ஓய்வூதியருக்கு ஆண்டுக்கு இருமுறை அகவிலை நிவாரணம் கணக்கிடப்படுகிறது. அதற்கு அடிப்படை, தொழில்துறைத் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண். ஆலைத் தொழிலாளியின் குடும்பச் செலவை அளந்து கட்டிய எண் அலுவலருக்கு உதவுகிறது, ஆலைத் தொழிலாளிக்கு உதவவில்லை. இதைவிடக் கசப்பான முரண் நம் சமூகப் பாதுகாப்புச் சட்டங்களில் அதிகம் இல்லை.

இந்த 1,671இல் எப்படிக் காலம் தள்ளுகிறார்கள்? 2011 முதல் அரிசி அட்டைதாரர்களுக்கு ரேஷன் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வீட்டு மின்சாரத்தில் இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகள் அரசு மருத்துவமனையில் கிடைக்கின்றன. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' அவற்றை வீட்டுக்கே கொண்டுவருகிறது. வெளிச்சந்தையில் பருப்பு 150ஐத் தாண்டிய மாதங்களிலும் ரேஷனில் விலை 30தான். பணமாக வருவது கரைகிறது, பொருளாக வருவது கரைவதில்லை. முதியவருக்கு உண்மையான பஞ்சப்படி குடும்ப அட்டையில் இருக்கிறது. (அட்டை மகன் பெயரில் இருந்து, அவன் வேறூரில் இருந்தால் இதுவும் கைக்கு எட்டாது.) வாடகையும் சிலிண்டரும் மொய்யும் இந்த வளையத்துக்கு வெளியே நிற்கின்றன, அவற்றுக்குத்தான் கடன்.

ஓய்வூதியத்தை விலைவாசியோடு இணைத்தால் 'ஓய்வூதிய நிதியம் தாங்காது' என்பது வழக்கமான மறுப்பு. முதலாளி தரப்பிலிருந்து நிதியத்துக்குச் செல்வது சம்பளத்தில் 8.33 சதவீதம், மத்திய அரசின் பங்கு 1.16 சதவீதம். 15,000 வரம்பில் முதலாளி தரப்புத் தொகை மாதம் 1,250ஐத் தாண்டாது. உச்சவரம்பை ஆண்டுக்கணக்கில் உறையவைத்தால் வருவாயும் உறையும். நிதியத்தின் பலவீனத்தில் ஒரு பகுதி இப்படிக் கொள்கையே வரவழைத்துக்கொண்டது. எனினும் இன்று வரம்பை உயர்த்துவது ஏற்கெனவே ஓய்வுபெற்றவர்களுக்கு உதவாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு வரவுசெலவுத் திட்டத்திலிருந்துதான் பணம் வர வேண்டும். 1,000 ரூபாய் குறைந்தபட்சத்துக்கே மத்திய அரசு மானியம் தருவதால் இது முன்னுதாரணம் இல்லாத செலவல்ல.

தேவை இரண்டு: சம்பள உச்சவரம்பையும் வழங்கப்படும் ஓய்வூதியத்தையும் அதே விலைக் குறியீட்டெண்ணோடு கட்டுவது. அதுவரை மத்தியத் திட்டத்தின் குறைபாட்டுக்கு மாநிலக் கருவூலம் பொருளாகக் கொடுத்து ஈடுகட்டும். சந்தா செலுத்திப் பெற்ற உரிமை சலுகையாகவே தோன்றும். 2023 ஆகஸ்ட் முதல் சந்தா ஏதுமில்லாத தமிழ்நாட்டு முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய். அது சந்தா செலுத்தியவருக்கு 2014இல் உறுதியளித்த குறைந்தபட்சத்தைவிட 200 ரூபாய் அதிகம்.