12 மணி நேரத்துக்கு ஓர் அமிலம்: ரைபோசோமைப் பார்த்துச் செய்த குட்டி இயந்திரம்

சாப்பிட்ட மீனிலும் பருப்பிலும் உள்ள புரதம் அப்படியே நம் தசையாகிவிடுவதில்லை. உடல் அதை அமினோ அமிலங்களாகப் பிரிக்கிறது. பிறகு தனக்கு வேண்டிய வரிசையில் மறுபடியும் கோக்கிறது.

கோப்பது யார்? உயிரணுவுக்குள் இருக்கும் ரைபோசோம். பாக்டீரியாவில் அது விநாடிக்குச் சுமார் 20 அமிலங்களைக் கோத்துவிடும்!

இதை மனிதனால் செய்ய முடியுமா?

முடியும். ஆனா ரொம்ப மெதுவாக.

2013ஆம் ஆண்டில் பிரிட்டனின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டேவிட் லீயின் குழு அதைச் செய்து காட்டியது.

எப்படி வேலை செய்கிறது?

கம்பியில் மாட்டிய மோதிரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பி, மோதிரம் இரண்டுமே மூலக்கூறுகள்.

கம்பியில் 3 அமினோ அமிலங்கள் வரிசையாக ஒட்டியிருக்கும். அவை மோதிரத்தின் வழியை மறிக்கும். மோதிரத்தில் கந்தக அணு கொண்ட 'கை' ஒன்று உண்டு. அது முதல் அமிலத்தைப் பறித்து, மோதிரத்தோடு இருக்கும் சங்கிலியில் சேர்க்கும். வழி திறந்ததும் மோதிரம் அடுத்த அமிலத்துக்குப் போகும். மூன்றும் முடிந்தால் கழன்றுவிடும்.

ஒன்றைத் தாண்டி இன்னொன்றுக்குப் போக முடியாது. அதனால் வரிசை மாறாது.

மோதிரத்தைத் தள்ளுவது எது?

எதுவும் இல்லை! இயற்கையிடம் கற்ற பாடமே அதுதான்.

அவ்வளவு சிறிய உலகில் வெப்பத்தால் எல்லாமே ஓயாமல் குலுங்கும், முட்டிமோதும். கார் என்ஜினைச் சுருக்கி அங்கே வைத்தால் ஓடாது. உயிரணுவின் இயந்திரங்கள் அந்தக் குலுக்கலோடு சண்டை போடுவதில்லை. வேண்டாத திசையை மட்டும் அடைத்துவிடுகின்றன. மோதிரமும் அப்படித்தான் முன்னேறுகிறது.

அப்போ ரைபோசோம் தேவையில்லையா?

அவசரப்பட வேண்டாம். ஓர் அமிலத்தைச் சேர்க்க இதற்கு 12 மணி நேரம் ஆனது. ரைபோசோம் ஒரே குறிப்பைத் திரும்பத் திரும்பப் படிக்கும். இதுவோ போகிற வழியில் தன் குறிப்பையே காலி செய்துவிடுகிறது. ஒரு முறைதான் பயன்படும்.

ஆனால் கோடானுகோடி இயந்திரங்கள் ஒரே கரைசலில் ஒன்றாக வேலை செய்ததால், சில மில்லிகிராம் பொருள் கிடைத்தது.

பிறகு எதற்கு இது?

வேகத்தில் ரைபோசோமை முந்துவது நோக்கமல்ல. ரைபோசோம் அமினோ அமிலங்களைத்தான் கோக்கும். மனிதன் வடிவமைக்கும் இயந்திரம் இயற்கையில் இல்லாத துண்டுகளையும் வேண்டிய வரிசையில் கோக்கலாம். புதிய மருந்துப் பொருள்களுக்கும் புதுவகைப் பிளாஸ்டிக்குகளுக்கும் அது வழிவிடக்கூடும்.

கம்பியில் மாட்டிய மோதிரம் அதன்மீது நகர்வதை 1991இல் காட்டியவர் ஃபிரேசர் ஸ்டொடார்ட். மூலக்கூறு இயந்திரங்களுக்காக 2016இல் வேதியியல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் அவரும் ஒருவர்.