அவுரி: மண்ணுக்குக் கொடை, உழவருக்குக் கடன்

அவுரி பயறுவகைக் குடும்பத்தைச் சேர்ந்த குறுஞ்செடி. கடுங்குளிரோ நீர்த்தேக்கமோ இல்லாத மண்ணில் வெட்டாமல் விட்டால், சில ஆண்டுகள் தழைத்து நிற்கும். அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடி ஏற்கும் வடிவத்துக்கு மாற்றித் தருகின்றன. இவ்வுண்மையை ஜெர்மானிய அறிஞர்களான ஹெல்ரீகலும் வில்பார்த்தும் 1880களின் பிற்பகுதியில் நிறுவினர். இந்திய உழவர்கள் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இக்குடும்பச் செடிகளைப் பசுந்தாள் உரமாக மடக்கி உழுது வந்தனர். தமிழ்நாட்டு வயல்களில் கொழிஞ்சிக்கும் அவுரிக்கும் கிடைத்த மதிப்பு இத்தகையதே.

இவ்வாறு நிலத்தை வளப்படுத்தும் செடியைப் பயிரிட்ட வங்காள, பீகார் உழவர்கள் அதனை நாசமாகக் கருதியது ஏன்? நீலச் சாகுபடியின் வரலாற்றில் எழும் முதற்கேள்வி இது. விடையின் ஒரு பகுதி வேளாண்மை முறையிலேயே இருக்கிறது.

வடபீகாரில் மழைக்காலம் ஓய்ந்ததும் வயலைப் பலமுறை உழுது, கட்டிகளை உடைத்து, பலகையால் அழுத்தி ஈரத்தை மண்ணுக்குள் அடைத்து வைப்பார்கள். பிப்ரவரி இறுதியிலும் மார்ச்சிலும் விதைப்பு. கோடை மழையில் மேல்மண் இறுகினால் அதைக் கிளறிவிட வேண்டும். களையும் எடுக்க வேண்டும். முதல் அறுவடை ஜூன் நடுவில் தொடங்கும். கட்டையிலிருந்து துளிர்த்த செடியை மழைக்காலத்தின் பிற்பகுதியில் மீண்டும் வெட்டுவார்கள். சாயத்தின் மூலப்பொருள் இலையில் இருப்பதால், தழை முழுவதும் மாட்டுவண்டியேறி ஆலைக்குப் போகும். அங்கே தொட்டிகளில் ஊறவைத்து, வடித்த நீரை ஆட்கள் இறங்கிநின்று அடித்துக் கலக்க, நீலம் அடியில் படியும். அதைக் காய்ச்சிப் பிழிந்து கட்டிகளாக வெட்டினால் சரக்கு ஆயத்தம்.

செடி திரட்டிய நைட்ரஜனில் பெரும்பங்கு தழையில் இருந்தது. நீலக்கட்டியோடு கப்பலேறியது மிகச் சிறு பகுதியே. மீதி, தொட்டியில் எஞ்சிய தழைக்கழிவில் தங்கியது. 'சீத்' எனப்பட்ட அக்கழிவு சிறந்த எரு. புகையிலைக்கு அது பெரிதும் விரும்பப்பட்டது. அது தோட்டத் துரைமாரின் சொந்தச் சாகுபடி நிலமான ஜிராத்துக்கே பெரும்பாலும் சென்றது. பயிரிட்ட குடியானவனின் வயலில் தங்கியவை வேரும் அடிக்கட்டையுமே. பசுந்தாளாக மடக்கி உழுதால் மண்ணுக்குத் திரும்பியிருக்கும் வளம், வண்டிப் பாதையோடு அவனைவிட்டு வெளியேறியது.

எனினும் உயிர்வேதியியலைவிட ஒப்பந்தமே கொடியதாக இருந்தது. கீழ்வங்காளத்தில் நெல் விதைக்கும் பருவத்திலேயே நீலமும் ஏரையும் ஆளையும் கேட்டது. முன்பணம் வாங்கியவன் கணக்கில் கடன் தீரவே இல்லை. அது தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. 1859இல் நதியா, ஜெசூர் மாவட்டங்களில் உழவர்கள் விதைக்க மறுத்தனர். 1860இல் அரசு நீல ஆணையத்தை அமைத்தது. அதே ஆண்டில் தீனபந்து மித்ராவின் 'நீல்தர்பண்' நாடகம் வெளிவந்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காகப் பாதிரியார் ஜேம்ஸ் லாங் மறு ஆண்டு சிறை சென்றார்.

வங்காளத்தில் தளர்ந்த தொழில் பீகாரில் வேரூன்றியது. சம்பாரணில் குத்தகைக்காரர் ஒவ்வொரு பிகாவின் 20 கட்டாவிலும் 3 கட்டாவில் நீலம் பயிரிட வேண்டும் என்பது 'தீன்கத்தியா' முறை. எந்த 3 கட்டா என்பதைப் பெரும்பாலும் தோட்டக்காரரே தேர்ந்தார். நல்ல மண்ணே தேர்வாயிற்று.

1897இல் ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. துரைமார் அறிவியலை நாடினர். நட்டால் எனவும் ஜாவா எனவும் அழைக்கப்பட்ட, கூடுதல் சாயம் தரும் அவுரி இனம் பீகாருக்கு வந்தது. விரைவில் அதை வாடல் நோய் தாக்கியது. பூசா ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவர்டும் கேப்ரியல் ஹோவர்டும் நோயின் காரணத்தை வேரில் தேடினர். மழைக்காலத்தில் மண்ணுக்குள் காற்றோட்டம் குன்றியதும் நுண்வேர்களும் முடிச்சுகளும் அழிந்தன. செடி பட்டினியால் வாடியது. வடிகால் அமைப்பதும் மண்ணுக்கு மூச்சுவிட இடம் தருவதும் அவர்கள் காட்டிய வழி. இன்றும் அவுரி வளர்ப்பவர் மறக்கலாகாத பாடம் இது: இச்செடிக்கு நைட்ரஜன் உரம் பெரிதாகத் தேவையில்லை, வேர் நீரில் மூழ்காமல் காப்பதே தேவை.

சந்தை சரிந்தபோது நட்டத்தைத் துரைமார் தம் தலையில் ஏற்கவில்லை. நீலக் கடமையிலிருந்து விடுவிப்பதற்கு ஈடாகக் குடியானவரிடம் கூடுதல் வாடகையோ 'தாவான்' என்னும் மொத்தத் தொகையோ கேட்டனர். ராஜ்குமார் சுக்லாவின் அழைப்பால் 1917 ஏப்ரலில் காந்தி சம்பாரண் சென்றபோது விசாரணையின் மையத்தில் இருந்தவை இவையே. தாவானில் 25 விழுக்காடு திருப்பித் தரப்பட்டது. 1918ஆம் ஆண்டுச் சட்டம் தீன்கத்தியாவை ஒழித்தது.

சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதியிலும் நீலம் பெருமளவில் விளைந்தது. அங்கே பெரும்பாலும் ரயத்துகளே தம் நிலத்தில் பயிரிட்டனர். வடக்கின் துரைமார் தோட்டமுறை அங்கே அவ்வாறு ஓங்கவில்லை. திண்டிவனம் வட்டாரத்தில் இன்றும் இயற்கைச் சாயத்துக்காக அவுரி பயிராகிறது. செடியின் இயல்பு எங்கும் ஒன்றே. அது சேர்க்கும் வளம் யாருக்குச் சேரும் என்பதை நில உறவே முடிவு செய்தது. பயிரின் வரலாற்றை எழுதுவோர் வேரோடு பட்டாவையும் சேர்த்தே தோண்ட வேண்டும்.