2,000 முறைக்கு மேல் மேற்கோள் காட்டப்பட்ட அல்சைமர் ஆய்வு ஏன் திரும்பப் பெறப்பட்டது? ஹெச்-இண்டெக்ஸ் என்றால் என்ன?

நரம்பியல் ஆய்வாளர் ஒருவரின் பெயரை கூகுள் ஸ்காலரில் தேடினால், பக்கத்திலேயே ஹெச்-இண்டெக்ஸ் என்று ஓர் எண் வரும். அது 40 என்றால், அவருடைய 40 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 40 முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கு என்று அர்த்தம். இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-ல் முன்வைத்த கணக்கு இது.

சரி, எண் பெருசா இருந்தா ஆய்வும் சரியா இருக்குமா?

2006-ல் 'நேச்சர்' இதழில் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்களின் கட்டுரை ஒன்று வெளியானது. குறிப்பிட்ட ஓர் அமிலாய்டு புரதத் திரள்தான் எலிகளின் நினைவாற்றலைக் குறைக்கிறது என்றது அது. அல்சைமர் துறையில் 2,000-க்கும் அதிகமான முறை மேற்கோள் காட்டினார்கள். கட்டுரையின் படங்கள் மீது வாண்டர்பில்ட் பல்கலைக்கழக நரம்பியலாளர் மேத்யூ ஷ்ராக் எழுப்பிய சந்தேகத்தை 2022-ல் 'சயின்ஸ்' இதழ் விரிவாக வெளியிட்டது. 2024 ஜூனில், அதாவது 18 வருஷம் கழித்து, கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. முதல் ஆசிரியர் சில்வைன் லெஸ்னே மட்டும் இதற்குச் சம்மதிக்கவில்லை.

மேற்கோள் கணக்குக்குப் பாராட்டும் ஒன்றுதான், மறுப்பும் ஒன்றுதான். "இந்த முடிவு எங்களுக்குக் கிடைக்கவில்லை" என்று எழுதினாலும் எண்ணிக்கை ஏறும். போதாக்குறைக்கு, பழைய ஆய்வுகளைத் தொகுத்து எழுதும் கட்டுரைகளுக்கே பெரும்பாலும் மேற்கோள்கள் குவியும்.

அதனால், புது மருந்து பற்றிய செய்தி வந்தால் வேறு ஆய்வகத்திலும் அதே முடிவு கிடைத்ததா, சோதனை எலியிலா, மனிதர்களிலா என்று முதலில் பாருங்கள். கட்டுரைத் தலைப்பை பப்மெட் தளத்தில் தேடுங்கள். இலவசம்தான். திரும்பப் பெறப்பட்டிருந்தால் தலைப்புக்கு அருகிலேயே எச்சரிக்கை இருக்கும்.