சிரிப்பின் பூர்வீகம்

சிரிப்பைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் நகைச்சுவையைப் பற்றி எழுதிவிட்டுச் சிரிப்பைப் பற்றி எழுதியதாக நினைத்துக்கொண்டார்கள். இரண்டும் ஒன்றல்ல. நகைச்சுவைக்குப் பெரும்பாலும் மொழி வேண்டும். சிரிப்புக்கு மூச்சு போதும்.

மிருகங்களில் மனிதன் மட்டுமே சிரிப்பவன் என்றார் அரிஸ்டாட்டில். 1651இல் ‘லெவியதான்’ எழுதிய ஹாப்ஸுக்குச் சிரிப்பு என்பது, பிறனுடைய குறையைக் கண்டு தன்னைத் திடீரென்று உயர்வாக உணர்கிறவனின் செருக்கு. 1900இல் பெர்க்ஸன், உயிருள்ளவன் யந்திரம்போல இயங்குகையில் சிரிக்கிறோம் என்றும், அந்த நேரத்தில் இரக்கம் உறங்கிக்கிடக்க வேண்டும் என்றும் வாதித்தார். தொல்காப்பியர் நகைக்குச் சொல்லும் காரணங்கள் நான்கு. அவற்றில் முதலாவது எள்ளல். இவர்கள் கவனித்ததெல்லாம் பெரும்பாலும் வளர்ந்துவிட்ட மனிதனின் சிரிப்பு. அங்கதம் என்ற சொல்லை உச்சரிக்கும்போது நம் விமர்சகர்களின் குரலில் ஏறும் மரியாதைக்கும் இந்தப் பார்வையே காரணம்.

டார்வின் வேறு இடத்தில் பார்த்தார். குட்டிச் சிம்பன்ஸியைக் கிச்சுக்கிச்சு மூட்டினால், முக்கியமாக அக்குளில், அது சிரிப்பை ஒத்த ஒலியை எழுப்புகிறது என்று 1872இல் வெளிவந்த, உணர்ச்சிகளின் வெளிப்பாடு பற்றிய நூலில் எழுதினார். அந்த ஒற்றுமை தற்செயலா, ரத்த உறவா என்பது நெடுங்காலம் கேள்வியாகவே இருந்தது. 2009இல் மரீனா டவிலா ராஸும் சகாக்களும் உராங்குட்டான், கொரில்லா, சிம்பன்ஸி, பொனோபோ ஆகியவற்றின் இளசுகளையும் மனிதக் குழந்தைகளையும் கிச்சுக்கிச்சு மூட்டி, எழுந்த ஒலிகளைப் பதிவுசெய்து ஒப்பிட்டார்கள். ஒலிகளை மட்டும் வைத்து வரைந்த வம்சவிருட்சம், மரபணுக்களை வைத்து வரைந்த விருட்சத்தோடு பொருந்திற்று. ஆக, சிரிப்பு குறைந்தது ஒரு கோடி வருஷங்களுக்கு முந்திய பிதுரார்ஜிதம். ஹாப்ஸின் செருக்கு அதில் பின்னால் வந்து குடியேறியிருக்க வேண்டும்.

சிம்பன்ஸியின் சிரிப்பு மேல்மூச்சு வாங்குவதைப் போன்றது. மூச்சு உள்ளே போகும்போதும் ஒலி, வெளியே வரும்போதும் ஒலி. நாமோ ஒரே வெளிமூச்சைத் துண்டு துண்டாக நறுக்கிச் சிரிக்கிறோம். இரண்டு காலில் நிமிர்ந்ததால் மூச்சு நடையின் பிடியிலிருந்து விடுபட்டது, பேச்சும் இந்தச் சிரிப்பும் அதன் விளைவுகள் என்பது ராபர்ட் பிராவைனின் கருத்து.

அந்த மேல்மூச்சு விளையாட்டுச் சண்டையில் பிறந்தது. ஒரு குட்டி இன்னொன்றின் மேல் பாய்கிறது, வாயைத் திறக்கிறது, கவ்வுகிறது. கவ்வப்படுகிற குட்டிக்கு இது நிஜமில்லை என்று எப்படித் தெரியும்? திறந்த வாயும் இரைக்கும் மூச்சும்தான் சொல்கின்றன. கடிக்கமாட்டேன் என்ற உறுதிமொழி, மொழிக்கு முன்பே இப்படிக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

புன்னகை என்ற நம் சொல், அதைச் சிறிய சிரிப்பாகப் பார்க்கிறது. 1972இல் டச்சு ஆய்வாளர் வான் ஹூஃப், இரண்டின் பூர்வீகமும் வேறு என்றார். சிரிப்புக்கு மூலம் விளையாட்டு முகம். புன்னகைக்கு மூலம், பலசாலியின் எதிரில் அடங்கிப்போகிற குரங்கு சத்தமின்றிக் காட்டும் பல்வரிசை. வங்கியில் மேலதிகாரியின் அறைக்குள் நுழைகிறபோது என் முகத்தில் தானாக வந்து ஒட்டிக்கொள்வது எதுவென்று இதைப் படித்தபின் விளங்கிற்று.

பிராவைன் இன்னொன்றும் செய்தார். பொது இடங்களில் ஜனங்கள் சிரித்த 1,200 தருணங்களைக் குறித்துக்கொண்டார். அவற்றில் ஹாஸ்யம் என்று சொல்லத்தக்க பேச்சைத் தொடர்ந்து வந்தவை ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மற்றவை, போய்வருகிறேன், சந்தித்ததில் சந்தோஷம் போன்ற சப்பென்ற வார்த்தைகளுக்குப் பின் எழுந்தவை. கேட்பவரைவிடப் பேசுபவரே அதிகம் சிரித்தார்.

அப்படியானால் எள்ளல்? பழைய உறுதிமொழியை வாயில் வைத்துக்கொண்டே கடிப்பது அது என்று எனக்குத் தோன்றுகிறது. சேர்ந்து சிரிப்பவர்களுக்கு அது இன்னமும் விளையாட்டு. சிரிக்கப்படுகிறவனுக்குப் பல் பதிகிறது. அங்கதம் தன்னையும் கவ்வக் கொடுக்கும்போதுதான் அந்த உறுதிமொழி மறுபடி உண்மையாகிறது. நம் அங்கதக்காரர்களில் எத்தனை பேர் அப்படிக் கொடுத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.