பிக்கப் டிரக்கின் ரேடியேட்டர் விசிறி: பெல்ட்டிலிருந்து மின்சாரத்துக்கு

ரேடியேட்டர் விசிறி என்பது நீரால் குளிர்விக்கப்படும் எஞ்சினில், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்கிடையே காற்றை இழுத்துச் செலுத்தும் பாகமாகும். பல பத்தாண்டுகள் இது எஞ்சினோடு பெல்ட்டால் பிணைக்கப்பட்டே சுழன்றது. தனி மோட்டாரால் சுழலும் மின்விசிறி முதலில் கார்களிலும், வெகு காலம் கழித்துப் பிக்கப் டிரக்குகளிலும் இடம்பிடித்தது. 1950கள் முதல் 1980கள் வரை அமெரிக்காவில் தயாரான பிக்கப் டிரக்குகளை இன்றும் ஓட்டுவோரில் பலர் பழைய விசிறியைக் கழற்றிவிட்டு மின்விசிறி பொருத்துகின்றனர். விசிறி மாற்றும் வேலையாகத் தொடங்கும் இது, பெரும்பாலும் வண்டியின் மின்னமைப்பை மாற்றும் வேலையாகவே முடிகிறது.

தொடக்க காலம்

1886இல் காப்புரிமை பெற்ற கார்ல் பென்சின் மூன்று சக்கர வண்டியில் ரேடியேட்டரே இல்லை. நீர் கொதித்து ஆவியாவதன் மூலமே எஞ்சின் குளிர்ந்தது. 1888இல் பெர்த்தா பென்ஸ் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்சைம் வரை அவ்வண்டியில் சென்றபோது வழியெங்கும் தண்ணீர் தேடி ஊற்ற வேண்டியிருந்தது. வில்ஹெல்ம் மைபாக் வடிவமைத்த 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் 1901இல் வந்தபோது, அதில் 8,070 சிறு குழாய்கள் கொண்ட தேன்கூட்டு ரேடியேட்டர் இருந்தது. வண்டி மெதுவாகச் செல்லும்போது காற்று போதாது என்பதால் ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு விசிறியும் வைக்கப்பட்டது. 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரிலும், அதே எஞ்சினைக் கொண்டு 1917இல் வந்த மாடல் டிடி டிரக்கிலும் விசிறி பெல்ட்டால் சுழன்றது.

எளிய ஏற்பாடுதான், ஆனால் அதில் ஒரு முரண் இருந்தது. போக்குவரத்து நெரிசலில் வண்டி நிற்கும்போதுதான் விசிறி மிகவும் தேவை. அப்போது எஞ்சின் மெதுவாக ஓடுவதால் விசிறியும் மெதுவாகவே சுழலும். நெடுஞ்சாலையில் எதிர்காற்றே ரேடியேட்டருக்குப் போதும். அங்கோ விசிறி முழு வேகத்தில் சுழன்று எரிபொருளைத் தின்னும். விசிறியின் வேகம் இரு மடங்கானால் அது உறிஞ்சும் திறன் எட்டு மடங்காகும் என்பதால் இந்த இழப்பு சிறியதல்ல.

1960களில் பரவிய கிளட்ச் விசிறி இதற்கு ஒரு சமரசத் தீர்வு. அதன் நடுவில் உள்ள கிளட்ச்சுக்குள் சிலிக்கோன் எண்ணெய் இருக்கும். ரேடியேட்டரிலிருந்து வரும் காற்று சூடானால் இரட்டை உலோகச் சுருள் ஒன்று வளைந்து எண்ணெய்க்கு வழிவிட, விசிறி எஞ்சினோடு இறுகிச் சுழலும். காற்று குளிர்ந்தால் பிடி தளரும். மின்சாரமே தேவைப்படாத இந்தத் தானியங்கி ஏற்பாடு, கிடைக்கும் புகழைவிட அதிகப் பாராட்டுக்கு உரியது.

மின்விசிறி ஏன் தாமதமானது

மின்மோட்டார் பழைய பொருள்தான். போதிய மின்சாரம்தான் இல்லை. அக்கால வண்டிகளின் டைனமோ, எஞ்சின் மெதுவாக ஓடும்போது மிகக் குறைவாகவே மின்சாரம் தரும். விசிறி தேவைப்படும் நேரமும் அதுவேதான். 1950களின் நடுவில் அமெரிக்க வண்டிகள் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாறின. சிலிக்கான் டயோடுகளின் வரவால் ஆல்டர்னேட்டர் சாத்தியமாயிற்று. கிரைஸ்லர் நிறுவனம் 1960ஆம் ஆண்டு மாடலான வேலியன்ட் காரில் அதைப் பொருத்தியது.

தேவையை உண்டாக்கியது ஐரோப்பா. எஞ்சினைக் குறுக்காக வைக்கும் சிறு கார்களில் எஞ்சினின் முனை ரேடியேட்டரை நோக்கி இராது. 1959இல் வந்த மினி காரில் அலெக் இசிகோனிஸ் ரேடியேட்டரையே பக்கவாட்டுக்கு நகர்த்தினார். ஃபியட் நிறுவனத்தின் தாந்தே ஜாகோசா வேறு வழியில் சென்றார். 1964இல் வந்த ஔட்டோபியாங்கி பிரிமுலாவிலும் 1969இல் வந்த ஃபியட் 128இலும் ரேடியேட்டர் முன்புறமே இருந்தது; அதை மின்விசிறி குளிர்வித்தது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அமெரிக்கா 1975இல் எரிபொருள் சிக்கனச் சட்டம் இயற்றியது. முன்சக்கர இயக்கமுள்ள சிறு கார்கள் அங்கும் பெருகின, மின்விசிறியும் பெருகியது.

பிக்கப் டிரக்குகளில் எஞ்சின் நெடுக்காகவே இருந்ததால் அந்தக் கட்டாயம் எழவில்லை. ஷெவர்லே சில்வராடோ 1500 வகை 2005ஆம் ஆண்டு மாடலில்தான் இரட்டை மின்விசிறிக்கு மாறியது.

பழைய டிரக்கில் மாற்றம்

பழைய டிரக் உரிமையாளர்கள் இதற்கு முன்பே காயலான் கடைகளை நாடத் தொடங்கியிருந்தனர். ஃபோர்டு டாரஸ், லிங்கன் மார்க் 8 கார்களிலிருந்து கழற்றிய விசிறிகள் இவ்வட்டாரங்களில் பெயர் பெற்றவை. காற்றை ஒருமுகப்படுத்தும் உறையோடு சேர்ந்தே அவை கிடைப்பதும் ஒரு வசதி. ஆனால் இத்தகைய விசிறி முழு வேகத்தில் 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். தொடங்கும் கணத்தில் அதைப் போல் சில மடங்கு. 1970களின் ஜெனரல் மோட்டார்ஸ் டிரக்குகளில் வந்த ஆல்டர்னேட்டர்களோ 37 முதல் 63 ஆம்பியர் வரையிலான திறன் கொண்டவை. அதுவும் எஞ்சின் வேகமாக ஓடும்போதுதான். இரவு மழையில் முகப்பு விளக்கும் வைப்பரும் ஓட, விசிறியும் சுழன்றால் பேட்டரி மெல்ல வற்றும். எனவே பெரிய ஆல்டர்னேட்டர், தடித்த வயர், ரிலே, ஃபியூஸ் என வேலை நீள்கிறது. பழைய டாட்ஜ் டிரக்குகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. பேட்டரிக்குச் செல்லும் மின்னோட்டம் முழுவதும் டேஷ்போர்டிலுள்ள அம்மீட்டரைச் சுற்றி வருவதால், அதைத் தவிர்க்கும் நேர்வழி வயர் போடாமல் பெரிய சுமையைச் சேர்த்தால் இணைப்புகள் சூடாகி உருகக்கூடும்.

வெப்ப சுவிட்சின் தேர்விலும் கவனம் வேண்டும். தெர்மோஸ்டாட் 91 டிகிரி செல்சியஸில் திறக்கும் எஞ்சினில், அதற்குக் குறைவான வெப்பத்தில் நிற்கும்படி சுவிட்ச் அமைந்தால் விசிறி ஓயவே ஓயாது. வயர்களை மாற்றி இணைத்துவிட்டால் விசிறி தலைகீழாகச் சுழன்று, எதிரே வரும் காற்றோடு மல்லுக்கட்டும். பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும், வண்டி மட்டும் சூடேறும்.

இம்மாற்றத்தால் எஞ்சினின் சுமை குறைகிறது, இரைச்சல் அடங்குகிறது. ஆற்றைக் கடக்கும் முன் விசிறியை நிறுத்திவிடலாம். பெல்ட் விசிறியின் இலைகள் தண்ணீரில் வளைந்து ரேடியேட்டரைக் கிழித்த அனுபவம் காட்டுவழி ஓட்டுநர்களுக்குப் புதிதல்ல. ஆனால் கனமான டிரெய்லரை இழுத்துக்கொண்டு மலையேறும் டிரக்கின் நிலை வேறு. அங்கே வண்டி மெதுவாகவும் எஞ்சின் வேகமாகவும் ஓடுகிறது. காரில் குறையாகத் தெரிந்த பெல்ட் பிணைப்பு இங்கே பலமாகிறது: எஞ்சின் எவ்வளவு உழைக்கிறதோ அவ்வளவு காற்றும் கிடைக்கிறது. மின்விசிறி தன் உச்சத்தில் நின்றுவிடும். ஒரு ரிலே கெட்டால் அதுவும் இல்லை; சில நிமிடங்களில் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடலாம். சுமை இழுப்போரில் சிலர் மின்விசிறி பொருத்திய பிறகு கிளட்ச் விசிறிக்கே திரும்புவது இதனால்தான்.

பெரிய டீசல் லாரிகளில் விசிறி இன்றும் பெரும்பாலும் எஞ்சினாலேயே சுழற்றப்படுகிறது. அவற்றின் விசிறி 20 குதிரைத்திறனுக்கு மேலும் உறிஞ்சக்கூடியது. 12 வோல்ட் அமைப்பில் அதை மின்மோட்டாரால் சுழற்ற 1,000 ஆம்பியருக்கு மேல் வேண்டியிருக்கும்.