கடனாளிக்கு அவகாசம்: வரலாறு தரும் சாட்சியம்



கடன்பட்டவர் சிரமத்தில் இருந்தால், அவருக்கு வசதி ஏற்படும்வரை அவகாசம் அளிக்குமாறு திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம், 280ஆவது வசனம் பணிக்கிறது. 'உபதேசம் நல்லதுதான், ஆனால் கொடுக்கல் வாங்கலுக்கு இது ஒத்துவருமா?' என்று வினவுவோர் உண்டு. அவர்களுக்குரிய விடை, வட்டித் தொழிலின் கோட்டையாக விளங்கும் அமெரிக்காவின் வரலாற்றிலேயே இருக்கிறது.

நாளொன்றுக்கு ஆயிரம் வீடுகள்

1920களில் அமெரிக்க நகரங்களில் வீட்டை அடமானமாக வைத்துக் கடன் பெறுவது பெருகிற்று. இன்றுபோல் இருபது, முப்பது ஆண்டுத் தவணைகள் அன்று வழக்கில் இல்லை. கடன்களில் பல ஐந்து அல்லது பத்து ஆண்டுகளுக்குள் கெடு முடிபவை. அதுவரை வட்டியை மட்டும் செலுத்தி வந்தவர்கள் ஏராளம். கெடு முடிந்ததும் அசல் முழுவதையும் ஒரே தொகையாகக் கட்ட வேண்டும். இயலாதவர்கள் கடனைப் புதுப்பித்துக் கொள்வார்கள்.

1929 அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடப்பட்டன. 1933இல் உழைப்பாளர்களில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் வேலையின்றி நின்றார். கடனைப் புதுப்பித்துத் தர வங்கி இல்லை; வீட்டை விற்றுக் கடனை அடைக்கலாம் என்றால் விலையும் வீழ்ந்து கிடந்தது. 1926இல் ஏறத்தாழ 68,000 வீடுகள் கடனுக்காகப் பறிபோயின. 1933இல் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 2,50,000 ஆயிற்று. அவ்வாண்டின் தொடக்கத்தில் நாள்தோறும் சுமார் ஆயிரம் வீடுகள் என்று கணக்கிட்டார்கள்.

சிந்தித்துப் பாருங்கள்! இவர்களில் பெரும்பாலோர் ஊதாரிகள் அல்லர். வேலை இருந்தவரை ஒழுங்காகக் கட்டி வந்தவர்கள்.

பொறுமை எல்லை கடந்தபோது

கிராமங்களில் விவசாயிகள் ஒன்றுதிரண்டனர். ஜப்தி செய்யப்பட்ட பொருள்கள் ஏலத்துக்கு வரும்போது அண்டை வீட்டார் சில காசுகளுக்கு மட்டும் விலை கேட்பார்கள். ஏலம் எடுத்ததை உரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். வெளியார் எவரேனும் விலையை உயர்த்த முற்பட்டால் கூட்டம் மிரட்டும். 1933 ஏப்ரலில் ஐயோவா மாநிலத்தின் லெ மார்ஸ் நகரில் நீதிபதி சார்லஸ் பிராட்லியை நீதிமன்றத்திலிருந்து இழுத்துச் சென்று, கழுத்தில் கயிற்றை மாட்டும் அளவுக்கு ஆத்திரம் முற்றியது. அநீதிக்கு அநீதி பரிகாரம் ஆகாது. எனினும், கூரையைப் பறிகொடுக்கும் மனிதன் எந்நிலைக்குத் தள்ளப்படுவான் என்பதை ஆட்சியாளர்கள் அன்று கண்டுகொண்டார்கள்.

சட்டம் தந்த அவகாசம்

அதே மாதம் மின்னசோட்டா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. ஏலத்தில் போன வீட்டை மீட்பதற்குரிய காலக்கெடுவை நீதிமன்றம் நீட்டித்துத் தரலாம் என்பது அதன் சாரம். மினியாபோலிஸ் நகரத் தம்பதியர் ஒருவர் இச்சட்டத்தை நாடினர். 1935 மே மாதம்வரை அவர்களுக்கு அவகாசம் கிடைத்தது. ஆனால், மாதந்தோறும் 40 டாலர் செலுத்த வேண்டும் என்றும் நீதிமன்றம் விதித்தது. கடன் தள்ளுபடி செய்யப்படவில்லை. கடன் கொடுத்தவரின் உரிமையும் அழிக்கப்படவில்லை.

கடன் கொடுத்த நிறுவனம் உச்ச நீதிமன்றம்வரை சென்றது. ஒப்பந்தத்தில் அரசு தலையிடலாமா என்பதே வழக்கு. தலைமை நீதிபதி சார்லஸ் எவன்ஸ் ஹியூஸ் தலைமையில் 1934 ஜனவரி 8 அன்று ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் சட்டம் செல்லும் எனத் தீர்ப்பாயிற்று.

ஏட்டுக் கணக்கு

1933 ஜூனில் அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு வீட்டு உரிமையாளர் கடன் கழகத்தை நிறுவியது. கடன் கொடுத்தவருக்குப் பத்திரம் வழங்கிக் கடனைக் கழகமே ஏற்றுக்கொண்டது. பதினைந்து ஆண்டுகளில் அசலும் சேர்ந்து அடையும் வண்ணம் சிறு தவணைகளை விதித்தது. வட்டி ஒழிந்துவிடவில்லை, ஐந்து விழுக்காடாக இருந்தது. ஆனால் மூச்சுவிட நேரம் கிடைத்தது. மூன்று ஆண்டுகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கடன்கள், சுமார் 300 கோடி டாலர் அளவுக்கு இவ்வாறு மாற்றப்பட்டன.

கழகத்தை நாடியோரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கே கடன் கிடைத்தது. கிடைத்தவர்களிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறுதியில் வீட்டை இழந்தார். இன்னொரு கறையும் உண்டு. பின்னர் அக்கழகம் வரைந்த நகர வரைபடங்களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் சிவப்பு மையால் குறிக்கப்பட்டு, கடைசித் தரத்தில் வைக்கப்பட்டன.

இத்தனைக்குப் பிறகும், 1951இல் கழகம் தன் பணியை முடித்துக்கொண்டபோது அதன் ஏட்டில் நட்டம் இல்லை; சிறு உபரியே எஞ்சியிருந்தது. தவணை தவறியவர்களுக்கென்றே தொடங்கப்பட்ட கழகம் அது! அவர்களில் ஐந்தில் நால்வர் கடனை அடைத்துத் தம் வீட்டைக் காத்துக்கொண்டார்கள்.

நமக்குள்ள படிப்பினை

வாசகர்களே! கடன் கொடுத்தவர் நீங்களாயின், நொடித்தவனை நெருக்குவதால் கிடைப்பது விலைபோகாத ஒரு வீடு. பொறுத்திருந்தால் உங்கள் பணமும் வரும், ஒரு குடும்பமும் பிழைக்கும். கடன்பட்டவர் நீங்களாயின், முதல் தவணை தவறும்போதே கடன் கொடுத்தவரை நேரில் சந்தித்து நிலையைச் சொல்லுங்கள். வந்த கடிதத்தைப் பிரிக்காமல் வைப்பதால் கெடு தள்ளிப்போகாது. இயன்ற தொகையைத் தொடர்ந்து செலுத்துங்கள். அந்த 40 டாலரே மினியாபோலிஸ் தம்பதியரின் நாணயத்துக்குச் சான்றாக நின்றது. ஜமாஅத்தின் பொறுப்பாளர்களாயின், ஏல அறிவிப்பு சுவரில் ஒட்டப்படும் முன்பே அந்த வீட்டின் கதவைத் தட்டுங்கள்.

கடன்பட்டோரின் சுமையை எளிதாக்கும் நல்லோர் கூட்டத்தில் அல்லாஹ் நம்மைச் சேர்ப்பானாக!